அழிக்காத பலகை

க்ளைவ் நல்லவன் என்று யாராவது என்னிடம் சொன்னால் நான் சண்டைக்குப் போவதில்லை. தேநீர் போடுகிறேன் என்று எழுந்து அடுக்களைக்குள் போய்விடுவேன். கார்ஸ்டேல் குகைச் சங்கத்துக்கு அவன் தலைவன். ஒரு மழைக்காலத்தில் குகை வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட இரண்டு மாணவர்களைத் தோளில் போட்டு வெளியே கொண்டுவந்தவன். யார்க்‌ஷயரில் குகைக்குள் தலையை விட்ட அத்தனை பேருக்கும் அவனைத் தெரியும். எனக்கும் தெரியும், மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே.

வில்ஃப் கேப்ஸ்டிக்கைத்தான் யாருக்கும் தெரியாது. சுண்ணாம்புக்கல் குவாரியில் ஆயுள் முழுக்க வேலை பார்த்தவர். குவாரி அவருக்குக் கொடுத்து அனுப்பியது நெஞ்சு நிறையத் தூசி. என் வீட்டுக்காரர் போனபிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்காமல் நான் சங்கத்தில் சேர்ந்தேன். இளவட்டங்கள் கயிற்றில் தொங்கிக்கொண்டு பாதாளத்துக்கு இறங்கிப் போய்விடுவார்கள். நான் எல்லாருக்கும் சூப் காய்ச்சிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் வில்ஃப் வந்து என் எதிரில் நின்றார்.

"ஏ புள்ள மாவிஸ், சூப்பு கிண்டுற கைக்கு மண்ணு தோண்ட வருமா?"

"எங்க தோண்டணும்?"

"ஆக்னஸ் மேய்ச்சல்ல. கீழ பெரிய குகை ஒண்ணு கெடக்கு. நான் பார்த்ததில்ல, மூச்சு விடுறது மட்டும் கேக்குது."

அப்படித்தான் ஆரம்பித்தது. மலைச்சரிவில் ஆக்னஸ் வின்டர்பர்னின் ஆட்டு மேய்ச்சலில் ஒரு பள்ளம் இருந்தது. ஊரெல்லாம் பனி மூடிக் கிடக்கும்போது அந்தப் பள்ளத்தில் மட்டும் பனி தங்காது. கல்லிடுக்குகளிலிருந்து வெதுவெதுப்பாகக் காற்று வந்துகொண்டே இருக்கும். காற்று வந்தால் அது எங்கிருந்தோ வருகிறது என்று அர்த்தம். எங்களைப் போன்ற பைத்தியங்களுக்கு அவ்வளவு போதும்.

வருஷக்கணக்கில் தோண்டினோம். நான் கீழே படுத்துக் கல்லை உருட்டி வாளியில் போடுவேன்; அவர் மேலே நின்று கப்பியில் இழுப்பார். பக்கங்கள் சரியாமல் இருக்கக் குவாரியில் கழித்துப் போட்ட இரும்புக் குழாய்களையும் பலகைகளையும் கொண்டுவந்து முட்டுக் கொடுத்தார் வில்ஃப். ஊரில் எங்களைப் பற்றி என்னென்னவோ பேசினார்கள். சேற்றில் குப்புறக் கிடந்து கல் பொறுக்கும் கிழவியிடம் என்ன காதலைக் கண்டார்களோ, எனக்குத் தெரியாது.

"எனக்கு ஒரே ஒரு ஆசைதான் புள்ள," என்பார் வில்ஃப், ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் மென்றுகொண்டே. "மனுஷன் கால் படாத எடத்துல ஒரு தடவை கால் வச்சுடணும். அப்புறம் இந்த நெஞ்சு என்ன வேணாப் பண்ணித் தொலைக்கட்டும்."

"யோவ், அதான் உங்கிட்ட இவ்வளவு பெரிய மலை இருக்கே. எங்கயாவது வையேன்."

"எல்லாத்துலயும் ஆடு நடந்துருச்சு."

அந்த ஆசை நிறைவேற எங்கள் ஆட்களிடம் ஒரு முறை உண்டு. ஒருவர் தோண்டும் குழியில் இன்னொருவர் இறங்க மாட்டார். வாசலில் மண்வெட்டி கிடந்தால் பூட்டுப் போட்ட மாதிரி. குழி திறந்துகொண்டால் தோண்டியவர்கள் எல்லாரும் சேர்ந்துதான் உள்ளே போவார்கள். முதல் காலடி அவர்களுடையது. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்கத் தேவைப்படும் என்று யாரும் நினைத்ததில்லை.

எழுதி வைப்பது வேறொன்று. சங்கத்து வீட்டுக் கதவருகே ஒரு கரும்பலகை தொங்கும். யார், எந்தக் குகை, எத்தனை மணிக்குள் வெளியே வருவோம் என்று எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். திரும்பி வந்ததும் முதல் வேலை, பூட்ஸைக் கழற்றுவதற்கு முன்னால், அதை அழிப்பது. நேரம் தாண்டியும் அழிக்கவில்லை என்றால் ஆள் உள்ளே மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம். அப்போது எந்தக் குழி, யார் குழி என்ற பேச்சே கிடையாது. வீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் கிளம்பிப் போய்த் தேடுவார்கள்.

அந்த அக்டோபர் ஞாயிறன்று நான்தான் பலகையில் எழுதினேன். வில்ஃப், மாவிஸ், ஆக்னஸ் மேய்ச்சல், ஆறு மணி. அன்றைக்கு அவரும் கீழே இறங்குவேன் என்று அடம்பிடித்தார். காற்று முந்தின வாரமே பலமாகிவிட்டது. இரண்டு பேரும் கடப்பாரையைக் கொடுத்து நெம்பியதும் கடைசிப் பாறாங்கல் எங்கள் பக்கம் உருளவில்லை. அந்தப் பக்கம் போனது. உருண்டுகொண்டே போனது. சத்தம் நின்றபிறகு எங்கள் முகத்தில் அடித்த காற்றில் என் விளக்குச் சுடர் அணைந்துவிட்டது. அவர் விளக்கை நீட்டிப் பார்த்தோம். ஓர் ஆள் நுழையலாம். அதற்கு அப்பால் வெளிச்சம் எதன் மேலும் விழவில்லை.

வில்ஃப் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நிற்கவில்லை. கைக்குட்டையை எடுத்தபோது அது சிவப்பாக இருந்தது.

"நீ போ புள்ள," என்றார். "போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு."

"வாய மூடுய்யா. ரெண்டு பேரும்தான் போறோம். உன்ன இங்க விட்டுட்டு நான் மட்டும் போனேன்னா நாளைக்கு என் மூஞ்சில நானே முழிக்க முடியாது."

"நாலு எட்டு வச்சுட்டு வா. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"அதெல்லாம் ஒண்ணும் கிடையாது. நீ மொத மேல ஏறு. குகை எங்கயும் ஓடிப் போயிடாது."

குகை எங்கயும் ஓடிப் போயிடாது. என் வாயால் சொன்னது அது. அவரை எப்படி மேலே ஏற்றினேன் என்று எனக்கு நினைவில்லை. ஆக்னஸ் தன் ஜீப்பில் எங்களை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். வில்ஃபின் வண்டி மேய்ச்சல் கேட்டருகே நின்றுவிட்டது. மண்வெட்டி குழி வாசலில் கிடந்தது. சங்கத்துக் கரும்பலகையில் எங்கள் பெயர் அப்படியே இருந்தது. அவருடைய மூச்சை எண்ணிக்கொண்டு விடிய விடிய நாற்காலியில் இருந்த எனக்குப் பலகை ஞாபகம் வரவில்லை.

மறுநாள் அவருக்கு மாற்றுத் துணி எடுக்கச் சங்கத்து வீட்டுக்குப் போனேன். உள்ளே கொள்ளாத கூட்டம். சேறு சொட்டும் உடைகள் கொடி முழுக்கத் தொங்கின. யாரோ பன்றிக்கறி பொரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் க்ளைவ் எழுந்து வந்து என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டான்.

"மாவிஸ்! எங்க உயிர எடுத்துட்டீங்களே. பலகைய அழிக்கல, வண்டி கேட்டுல நிக்குது. நாங்க பொணத்தத் தேடித்தான் எறங்கினோம்."

"வில்ஃப் ஆஸ்பத்திரில இருக்காரு."

"இப்பதான் கேள்விப்பட்டோம். பாவம் மனுஷன்." தோளிலிருந்து கையை எடுத்தான். "அப்புறம்... உள்ள போக வேண்டியதாப் போச்சு. குழிக்கு அந்தப் பக்கம்."

"எவ்வளவு தூரம்?"

"முக்கால் மைல்."

"முக்கால் மைலா? எங்கள அவ்வளவு தூரத்துலயா தேடினீங்க?"

"வழி தவறிப் போயிருந்தா? மயங்கிக் கெடந்தா? குரல் குடுத்துக்கிட்டேதான் போனோம், வேணா யார வேணாக் கேளுங்க." பின்னால் இருந்த பையன்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். அவர்கள் முகத்தில் வழிந்த சந்தோஷத்தை எந்தத் துண்டாலும் துடைத்திருக்க முடியாது.

அடுத்த வாரம் சங்கத்துக் கமிட்டி கூடியது. பலகையை அழிக்காமல் விடுவது எவ்வளவு பெரிய தப்பு, அதனால் மீட்கப் போகிறவர்கள் உயிருக்கே ஆபத்து என்று க்ளைவ் பொறுமையாக விளக்கினான். என் பெயரைச் சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. பெருந்தன்மையாம். நான் எழுந்து நின்று எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை மாவிஸ் என்று கைதட்டினார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது.

வில்ஃபிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. படுக்கையில் சாய்ந்தபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பெருசாவா இருக்காம்?"

"பஸ் போகுமாம். உன் பேரு வச்சிருக்காங்க. கேப்ஸ்டிக் மண்டபம்."

"அப்ப நாம சரியான எடத்துலதான் தோண்டியிருக்கோம்," என்றார். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் நான் அழுதேன். பக்கத்திலிருந்த அம்மாள் எனக்கு ஒரு மிட்டாய் கொடுத்தாள்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் சங்கத்தின் ஆண்டு விருந்து, பப்பின் மாடியில். வில்ஃப் வரமாட்டார் என்று நினைத்தேன். கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு கைத்தடியோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, பீர் எல்லாம் ஆனபிறகு விளக்கை அணைத்து க்ளைவ் அந்த வருஷத்துப் பயணங்களை ஸ்லைடு போட்டுக் காட்டினான். முதலில் சிரிப்புப் படங்கள். இடுக்கில் மாட்டிக் கால்சட்டை கிழிந்தவன், மழைக்குப் பயந்து ஏணியிலேயே தொங்கிய வங்கிக்காரன், அருவிக்கடியில் சாண்ட்விச் தின்னப் பார்த்து நனைந்த ரொட்டியைக் குடித்தவன். எல்லாரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு எங்கள் குழி வந்தது. என் வாளி, அவர் கப்பி, எங்கள் மண்வெட்டி. வாசலில் க்ளைவும் பையன்களும் உள்ளே இறங்குவதற்கு முன் வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட படம். அடுத்தது கூரையிலிருந்து தொங்கும் சுண்ணாம்பு விழுதுகள், பனிக்கட்டி வெள்ளையில். அடுத்தது தரை. ஒரு கோடு விழாத, வெண்ணெய்க் கட்டி மாதிரி வழுவழுவென்ற சேறு, விளக்கு எட்டும் தூரம் வரைக்கும். அடுத்தது அதே சேறு. நடுவே நேராக ஒரு பூட்ஸ் தடம். தடத்தின் முடிவில் க்ளைவ், இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

கூட்டம் ஆ என்றது. வில்ஃப் கைத்தடியைத் தூக்கினார்.

"அந்த வாசல் படத்தக் கொஞ்சம் திருப்பிப் போடுப்பா."

க்ளைவ் திருப்பிப் போட்டான்.

"கேமரா ஸ்டாண்டு இருக்கு. அளக்குற டேப் இருக்கு. எங்களத் தூக்கிட்டு வர்றதுக்கு ஸ்ட்ரெச்சர் எங்கப்பா?"

க்ளைவ் சட்டென்று அடுத்த படத்தைப் போட்டான். "அவசரத்துல மறந்துட்டோம் வில்ஃப்," என்றான் க்ளைவ், சிரித்தபடி. "உங்கள நெனச்சுப் பதறிப்போயிருந்தோம்ல!" எல்லாரும் சிரித்தார்கள். அப்பாடா என்று சிரித்தார்கள். அந்த வருஷத்துச் சிறந்த கண்டுபிடிப்புக்கான கோப்பையை க்ளைவுக்குக் கொடுத்தார்கள். கோப்பையை வில்ஃபோடு சேர்ந்து வாங்கிக்கொள்ள ஆசை என்று அவன் மேடையிலிருந்து கை நீட்டினான்.

"எனக்கு மூச்சு வாங்குதுப்பா," என்றார் வில்ஃப். "நீயே வாங்கிக்க. உனக்குப் பழக்கந்தான்."

இரண்டு நாள் கழித்து முட்டை வாங்க ஆக்னஸ் வீட்டுக்குப் போனேன். ஆக்னஸ் கொதித்துக்கொண்டிருந்தாள். குகையைப் பார்க்க ஊர் ஊராக ஆட்கள் வருகிறார்களாம், மேய்ச்சல் கேட்டை மூடாமல் போகிறார்களாம், ஆடுகள் ரோட்டில் நிற்கின்றனவாம். கொஞ்ச நேரம் அவர்களைச் சேர்ந்து திட்டினோம். பலகையை அழிக்க நான் மறந்ததில் வந்த வினை இதெல்லாம் என்றேன்.

ஆக்னஸ் முட்டையைக் கூடையில் வைத்த கையோடு நிமிர்ந்தாள். "எந்தப் பலகை? நாந்தான் அன்னிக்கே போன் பண்ணிச் சொல்லிட்டேனே."

"யாருக்கு?"

"சங்கத்து வீட்டுக்கு. நீ கேட்டத் தொறக்க ஜீப்ப விட்டு எறங்கினப்ப இருமிக்கிட்டே வில்ஃப் எங்கிட்ட சொன்னாரு. ஆறு மணிக்குள்ள போன் போட்டு நாங்க வெளிய வந்துட்டோம்னு சொல்லிடு, இல்லாட்டி பசங்க தேடி அலைவாங்கன்னு. ஆஸ்பத்திரி வாசல்ல இருந்து பண்ணினேன். க்ளைவ்தான் எடுத்தான்."

"என்ன சொன்னான்?"

"ரொம்ப நன்றிம்மா, நானே பலகைய அழிச்சுடறேன்னான். ஏன், அழிக்கலையா?"

நான் முட்டையை அங்கேயே வைத்துவிட்டு நேராக வில்ஃப் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் க்ளைவை என்னென்ன செய்யலாம் என்று யோசித்தேன். ஒன்றும் போதவில்லை. வில்ஃப் கணப்பருகே உட்கார்ந்திருந்தார். நான் கத்தியதையெல்லாம் கேட்டுவிட்டு, "தெரியும்," என்றார்.

"தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டா என்னக் கமிட்டில எழுந்து நின்னு மன்னிப்புக் கேக்க விட்ட?"

"மன்னிப்புக் கேட்டேன்னு நீ எப்ப எங்கிட்ட சொன்ன?"

சொல்லவில்லைதான். வெட்கத்தில் அவரிடம்கூட மறைத்திருந்தேன். அவர் கைத்தடியால் கணப்புக் கட்டையைக் குத்தினார். முகம் கறுத்துவிட்டது. அதுவரைக்கும் அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"குழிக்கு முட்டுக் குடுத்த அந்தக் குழாயும் பலகையும் யாரோடது மாவிஸ்?"

"உன்னோடதுதான்."

"எனக்கு அது வேணும்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. முட்டுகளை எடுத்தால் குழி நிற்காது. மலைச்சரிவு மொத்தமும் அந்தக் குழாய்களில்தான் சாய்ந்துகொண்டிருந்தது.

"ஒரு தடவை உள்ள போய்ப் பாத்துட்டு எடுக்கலாமேய்யா. ரெண்டு பேருமாப் போவோம். நான் உன்னப் புடிச்சுக்கறேன்."

"அடுத்தவன் நடந்த எடத்துல நடக்கணும்னா எனக்கு நம்ம தெரு இருக்கு புள்ள."

எனக்குப் பார்க்க ஆசையாக இருந்தது. இதைச் சொல்லிவிடுகிறேன். அவருக்கு முதல் காலடிதான் வேண்டும். எனக்கு இரண்டாவது, பத்தாவது, எதுவானாலும் போதும். இத்தனை வருஷம் தோண்டியது நானும்தானே. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபிறகு அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

க்ளைவ் சனிக்கிழமை லீட்ஸ் நகரத்திலிருந்து ஒரு கூட்டத்தை அழைத்து வருவதாக இருந்தான். நாங்கள் வியாழக்கிழமை போனோம். முதலில் சங்கத்து வீட்டுக்குப் போய்ப் பலகையைப் பார்த்தேன். யார் பெயரும் இல்லை. யாரும் எந்தக் குகையிலும் இல்லை. நான் சாக்பீஸை எடுத்து எங்கள் இருவர் பெயரையும் எழுதினேன். ஆக்னஸ் மேய்ச்சல், நான்கு மணி.

ஆக்னஸ் டிராக்டரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். ஆடு விழாமல் இருந்தால் சரி என்பதற்கு மேல் அவள் ஒன்றும் பேசவில்லை. அடிக் குழாய்களில் சங்கிலியைக் கட்ட நான் கீழே இறங்கினேன். ஒவ்வொரு பலகையையும் எங்கே வைத்தோம், அன்றைக்கு என்ன சாப்பிட்டோம் என்பதுகூட எனக்கு ஞாபகம் இருந்தது. சங்கிலியைக் கட்டி முடித்தேன். எதிரே அந்தத் துவாரம். காற்று என் முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. மேலிருந்து அவரால் என்னைப் பார்க்க முடியாது.

உடம்பைத் தோள் வரைக்கும் உள்ளே விட்டு விளக்கை நீட்டினேன். வெள்ளை விழுது ஏதாவது தெரியும் என்று நினைத்தேன். விளக்கு தரையில்தான் விழுந்தது. சேறு முழுக்கப் பூட்ஸ் தடங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக, திருவிழா முடிந்த மைதானம் மாதிரி. ஒரு சிகரெட் பெட்டி கிடந்தது. நான் பின்னால் நகர்ந்து மேலே ஏறிவிட்டேன்.

"எட்டிப் பாத்தியா?" என்றார் வில்ஃப்.

"பாத்தேன்."

"என்ன தெரிஞ்சுது?"

"சேறு."

அவர் ஆக்னஸைப் பார்த்துத் தலையாட்டினார். டிராக்டர் இழுத்தது. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு குழாய்கள் வளைந்து, கிரீச்சிட்டு, ஒன்றன்பின் ஒன்றாகப் பிடுங்கிக்கொண்டு வந்தன. கல் சரிகிற சத்தம் காலடியில் ரொம்ப நேரம் கேட்டது. தூசி அடங்கியபின் வில்ஃப் தடியை ஊன்றிப் பள்ளத்தின் விளிம்புக்கு வந்து கையுறையைக் கழற்றி உள்ளங்கையை நீட்டினார். அப்படியே நின்றார். நானும் கையை நீட்டிப் பார்த்தேன். காற்று இல்லை.

திரும்பும் வழியில் சங்கத்து வீட்டில் நிறுத்தி, பூட்ஸைக் கழற்றுவதற்கு முன்னால், எங்கள் பெயரை அழித்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் க்ளைவ் என் வீட்டுக் கதவை இடித்தான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. நல்லவன் முகம் அப்படியெல்லாம் ஆகும் என்று எனக்கு அதற்குமுன் தெரியாது.

"என்ன பண்ணியிருக்கீங்க மாவிஸ்? அது உலகத்துக்கே சொந்தமான குகை!"

"எங்க சாமான நாங்க எடுத்துட்டோம். குகைய நாங்க தொடல."

"உள்ள யாராவது இருந்திருந்தா?"

"பலகையப் பாத்துட்டுத்தான் போனேன். வந்ததும் அழிச்சுட்டேன். போன் வந்தும் அழிக்காம விடுற பழக்கம் எனக்கு இல்ல க்ளைவ்."

அவன் படியிறங்கிப் போனான். அவ்வளவு நாள் தேக்கி வைத்திருந்ததை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்ட சந்தோஷத்தில் அன்றைக்கு நான் வாத்துப் பொரித்துச் சாப்பிட்டேன்.

சந்தோஷம் நிலைக்கவில்லை. புல் முளைப்பதற்குள் வில்ஃப் போய்விட்டார். சங்கத்திலிருந்து என்னை யாரும் விலக்கவில்லை; நானே போவதை நிறுத்திவிட்டேன். இந்தக் குளிர்காலத்தில் ஆக்னஸ் மேய்ச்சலைப் பார்த்தேன். பள்ளத்திலும் மற்ற இடங்களைப் போலவே பனி தங்கியிருக்கிறது. கீழே குகை அப்படியேதான் இருக்கும். அங்கே மழையும் இல்லை, காற்றும் இல்லை, ஒரு தடத்தை அழிக்க எதுவும் இல்லை. இனிமேல் அதற்குள் யாரும் போகப் போவதில்லை. யார் முதலில் நடந்தது என்று யாரும் பார்க்கப் போவதும் இல்லை. ஆனால் அங்கே முதலில் நடந்தவன் க்ளைவ்தான். அவன் தடத்தைக் கடைசிவரை காப்பாற்றிக் கொடுத்தது நாங்கள் இரண்டு பேரும்.